பாரிஸ்லருந்து பாண்டிக்கு கார் கொண்டு வரலாமா? ஏழு வாரம் விசாரிச்சதுல தெரிஞ்சுக்கிட்டது

ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்தா கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணி, அப்பறம் பெட்டி கட்டுறதுன்னே லீவு போயிடும். இந்த தடவை ஒரு வேலை வச்சுக்கிட்டு வந்தேன். அடுத்த வருஷம் ரிடையர் ஆகுறேன், பாண்டி முத்தியால்பேட்டைல அப்பா கட்டுன வீடு சும்மா கெடக்கு, நானும் வீட்டுக்காரியும் நிரந்தரமா வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். பாரிஸ்ல எங்கிட்ட இருக்கறது ஒரு பெஜோ கார், எடுத்து சரியா ரெண்டு வருஷம், கீறல் கூட இல்ல. முப்பத்தியொரு வருஷம் பாரிஸ்ல வேலை பாத்து மொத மொதலா புதுசா எடுத்த கார் அது, அதுக்கு முன்னாடி எல்லாம் பழசுதான். அத வித்துட்டு வர மனசு வரல.

பாரிஸ்ல நம்ம ஆளு ஒருத்தர், வீட்டு சாமான கன்டெய்னர்ல போட்டு ஊருக்கு அனுப்புறவரு, "காரையும் அதே கன்டெய்னர்ல ஏத்திடலாம்ணே, சென்னைல எறக்கிடுவோம், கொஞ்சம் டியூட்டி கட்டுனா முடிஞ்சுது, பாண்டில நம்பர் வாங்கிக்கலாம்"னு சொல்லி 600 யூரோ அட்வான்ஸ் வாங்கிட்டாரு. நானும் கார்த் க்ரீஸ் (பிரான்ஸ் ஆர்சி புக்) காப்பி, இன்சூரன்ஸ் காப்பி எல்லாம் குடுத்துட்டேன். சரி, ஊருக்குத்தான் போறோமே, அங்க ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்னுதான் கெளம்புனேன்.

வந்த மொத வாரம் டீக்கடைல, மாதா கோயில் வாசல்ல, சொந்தக்காரங்க வீட்டுலன்னு கேக்காத ஆள் இல்ல. எல்லாரும் கொண்டு வரலாம்னுதான் சொன்னாங்க. கூட படிச்ச ஒரு நண்பன் என்னை கையப் புடிச்சு இழுத்துட்டு போயி பீச் ரோட்டுக்குப் பின்னாடி தெருவுல நின்ன ஒரு பெரிய வெள்ளை வேன காட்டுனான், படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி, பிரான்ஸ் நம்பர் பிளேட்டு, ஸ்டீரிங் இடது பக்கம். "இது ஓடுதுல்ல மச்சான், ஒன்னோடது ஏன் ஓடாது?"ன்னு கேட்டான். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அந்த வேன் எப்படி வந்துச்சுங்கறத பின்னாடி சொல்றேன், ஏன்னா ஊர்ல முக்கால்வாசி பேரு கொழம்பிக்கறது அந்த எடத்துலதான்.

ரெண்டாவது வாரம் போக்குவரத்து ஆபீசுக்கு போனேன். காலைல பத்து மணிக்கே நல்ல கூட்டம், லைசென்ஸ்க்கு வந்த பசங்க, ஆட்டோகாரங்க, புரோக்கருங்க. கவுன்ட்டர்ல ஒரு அம்மா இருந்தாங்க, அம்பது வயசு இருக்கும், நான் சொன்னத கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஸ்டீரிங் எந்த பக்கம் சார்?"

இடது பக்கம்னேன். பேனாவ கீழ வச்சுட்டு, "அப்ப நீங்க எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல கேட்டுக்குங்க, அவங்க வெளிய விட்டாத்தான் எங்களுக்கு வேலை"ன்னாங்க. வண்டி உள்ள வந்ததுக்கு கஸ்டம்ஸ்ல போடற பில் ஆஃப் என்ட்ரி, ரிஜிஸ்டர் பண்ற விண்ணப்பமான ஃபாரம் 20, இங்க போட்ட இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், அப்பறம் வண்டிய நேர்ல இன்ஸ்பெக்டர் பாக்கறது, இதெல்லாம் அவங்க பக்கம், அத ஒரு பேப்பர்ல எழுதியும் குடுத்தாங்க. மூணு மாசமா நான் பேசுன ஒருத்தரும், பணம் வாங்குன அந்த ஏஜென்ட்டும் சேத்துத்தான் சொல்றேன், இந்த ஒரு கேள்விய கேக்கல. அந்த அம்மாவுக்கு நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்.

அப்பறம் ஈசிஆர் பஸ்ஸ புடிச்சு சென்னைக்கு போனேன். ராஜாஜி சாலைல கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கத்துல ஒரு கிளியரிங் ஏஜென்ட், எங்க சின்னம்மா மருமகன் வழியா தெரிஞ்சவரு, சின்ன ரூம், ஃபைலு மேல ஃபைலு. முக்கால் மணி நேரம் ஒக்காந்து பேசுனாரு, ஒரு பைசா வாங்கல. அவரு சொன்னத அப்படியே சொல்றேன்.

வெளிநாட்டு காருன்னா மொதல்ல புதுசா பழசான்னு பாப்பாங்க. ஒரு நாள் அங்க ரிஜிஸ்டர் ஆயிருந்தாலும் நம்ம கணக்குல அது பழசுதான். புதுசுன்னா வேற வழி, தயாரிச்ச நாட்டுலருந்தே வரணும், இந்திய விதிப்படி மாடலுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும், அது தனி ஆளு செய்யற வேலை இல்ல. பழசுன்னா தயாரிச்ச தேதிலருந்து மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீரிங்கும் கன்ட்ரோலும் வலது பக்கம் இருக்கணும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டர்ல காட்டணும். ஹெட்லைட்டு இடது பக்கம் ஓட்டுற ஊருக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் விழணும், எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்காம. வண்டி இன்னும் அஞ்சு வருஷமாவது ரோட்ல ஓடற நெலமைல இருக்கணும், ஏத்தறதுக்கு முன்னாடி அந்த நாட்டுலயே டெஸ்ட் பண்ணி சர்ட்டிஃபிகேட் வாங்கணும். அப்பறம் சென்னை பேச்சே கெடையாது, பழைய வண்டின்னா மும்பை துறைமுகம்தான்.

"சென்னைல எறக்கித் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு தொழில் தெரியலன்னு அர்த்தம் சார், இல்ல தெரிஞ்சே சொல்றாருன்னு அர்த்தம்"னாரு. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு.

நெரந்தரமா ஊருக்கு திரும்பறவங்களுக்கு ஒரு வழி இருக்கே, டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்னு சொல்றாங்களேன்னு கேட்டேன். இருக்குன்னாரு. ரெண்டு வருஷம் தொடர்ந்து வெளிநாட்டுல இருந்திருக்கணும், அந்த கார் ஒரு வருஷமாவது அங்க நம்ம கைல இருந்திருக்கணும், இங்க வந்த பின்னாடி ரெண்டு வருஷத்துக்கு விக்கக் கூடாது, அத ஆர்சிலயே எழுதிடுவாங்க. நான் கேட்டது என்னன்னா, வீட்டு சாமானுக்கு குடுக்கற சலுகை காருக்கும் உண்டான்னு. கெடையாது. ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷினு வேற, காரு வேற. கார நம்ம கூட கொண்டு வர்ற சாமானா நெனைக்கவே கூடாது, முழு டியூட்டி.

அந்த டியூட்டிய ஒரு பழைய கவர் பின்னாடி கணக்கு போட்டு காட்டுனாரு. கார் புதுசா இருந்தப்ப என்ன வெலையோ அதுலருந்து தேய்மானம் கழிப்பாங்க, மொத வருஷம் ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் 4 சதவீதம், ரெண்டாவது வருஷம் ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் 3, மூணாவது வருஷம் ரெண்டரை. என் கார் 25,000 யூரோ, ரெண்டு வருஷம், அப்ப 28 சதவீதம் போக 18,000. அதோட கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேப்பாங்க. அந்த மொத்தத்து மேல வரி. 2013 பட்ஜெட்ல பழைய காருக்கு அடிப்படை சுங்க வரிய 100லருந்து 125 சதவீதமா ஏத்துனாங்க, 2025ல அடிப்படை வரிய 70 ஆக்குனாலும் அதுக்கு மேல செஸ்னு கூடுதல் வரிய போட்டுட்டதால பாரம் எறங்கல. கார் மதிப்பும் இந்த வரியும் சேந்த தொகை மேல திரும்ப ஜிஎஸ்டி. ஆக நான் 18,000 யூரோ மதிப்புள்ள ஒரு கார உள்ள கொண்டு வர அத விட ரொம்ப ஜாஸ்தியா வரி கட்டணும், அதுவும் ஸ்டீரிங் வலது பக்கமா இருந்திருந்தா. எனக்கு அந்த வாய்ப்பும் இல்ல.

இங்க ஒரு ஒர்க் ஷாப்ல ஸ்டீரிங்க மாத்திக்கலாமேன்னு ஊர்ல ஒருத்தர் சொன்னத கேட்டேன். வண்டி துறைமுகத்துல எறங்கறப்ப எப்படி இருக்கோ அதத்தான் பாப்பாங்க, உள்ள வந்தாத்தானே மாத்தறதுன்னாரு. தப்பான வண்டி வந்து எறங்கிட்டா அபராதம், துறைமுகத்துல தினம் ஏறுற வாடகை, திருப்பி அனுப்பற செலவுன்னு போயிக்கிட்டே இருக்குமாம்.

இப்ப அந்த வெள்ளை வேனுக்கு வர்றேன். சென்னைலருந்து திரும்பி வந்த அன்னிக்கு சாயங்காலம் அந்த தெரு பக்கம் போனேன், வண்டிக்காரங்க வெளிய ஒரு மடக்கு நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாங்க, நல்ல வயசான தம்பதி. பிரெஞ்சுல பேசுனதும் ரொம்ப சந்தோஷமாயிட்டாங்க, காபி குடுத்தாங்க. அவங்க வண்டிய மும்பைக்கு கப்பல்ல அனுப்பிட்டு இவங்க பிளேன்ல வந்திருக்காங்க. கைல இருந்தது கார்னே, அதாவது வண்டிய கொஞ்ச காலத்துக்கு மட்டும் வரி கட்டாம உள்ள கொண்டு வர்ற சுங்க அனுமதி, நீளமா ஒரு புத்தகம், ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டு. ஒரு நாட்டுக்குள்ள நொழையறப்ப கஸ்டம்ஸ் ஒரு துண்ட கிழிச்சுக்குவாங்க, வெளிய போறப்ப இன்னொன்ன கிழிச்சுக்குவாங்க, அடிக்கட்டைல ரெண்டு சீலும் நம்ம கைல இருக்கும். புத்தகம் ஒரு வருஷம் செல்லும், ஆனா இந்தியால வண்டி ஆறு மாசம்தான் நிக்கலாம். வரி கட்ட வேணாம், ஏன்னா வண்டி திரும்ப போயிடும்னு ஒரு மோட்டார் கிளப்பு ஜாமீன் நிக்குது, அந்த ஜாமீனுக்கு இவங்க அங்க பெரிய தொகை டெபாசிட் கட்டியிருக்காங்க. வண்டி வெளிய போகலன்னா அந்த பணத்துலருந்து டியூட்டிய எடுத்துக்குவாங்க. இங்க ஓட்டறதுக்கு நம்ம ஊர் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் தனியா எடுத்திருக்காங்க. இடது பக்க ஸ்டீரிங் வண்டிய ரோட்ல ஓட்டவே கூடாதுன்னு நம்ம மோட்டார் வாகன சட்டம் சொல்லல, 120வது பிரிவுல சிக்னல் காட்டற கருவி இருந்தா ஓட்டலாம்னுதான் இருக்கு. அதான் அந்த வேன் ஓடுது. அது விருந்தாளி வண்டி. நான் கொண்டு வர நெனைச்சது குடித்தனம் வர்ற வண்டி. ரெண்டுக்கும் பேப்பரே வேற, இத யாரும் பிரிச்சு சொல்றதில்ல.

நடுவுல கடலூருக்கும் போயிட்டு வந்தேன், வீட்டுக்காரி ஊரு, மஞ்சக்குப்பம். அவ அண்ணன் சிங்கப்பூர்லருந்து போன வருஷம் திரும்புனவரு. அங்க ஸ்டீரிங் நம்ம பக்கம்தான், அதனால சுலபம்னு நெனைச்சிருக்காரு, ஆனா அவரு கார் நாலு வருஷம் ஆனது, மூணு வருஷ கணக்குல அடிபட்டு போச்சு. அங்கயே குடுத்துட்டு வந்துட்டாரு. "வந்து எறங்கி ஒரு மாசத்துல இங்க ஒன்னு எடுத்துட்டேன் மாப்ள, சர்வீசுக்கும் பார்ட்ஸுக்கும் அலைய வேணாம்"னாரு. அதுவும் உண்மைதான், என் பெஜோவுக்கு ஒரு சென்சார் போனா நான் எங்க போயி நிக்கறது.

அவருகிட்ட கேட்டு இன்னொன்னும் தெரிஞ்சுக்கிட்டேன், பாண்டில டாக்ஸ் கம்மின்னு பிஒய் நம்பர் வாங்கிட்டு கடலூர்லயே வச்சு ஓட்டறவங்க நெறைய. வேற மாநிலத்துல பன்னெண்டு மாசத்துக்கு மேல வண்டி நின்னா அங்க மாத்தியாகணும், ஃபாரம் 28ல என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கி கடலூர் நம்பரான டிஎன் 31க்கு போகணும். நாங்க இருக்கப்போறது முத்தியால்பேட்டைலங்கறதால எங்களுக்கு அந்த பிரச்சனை இல்ல.

கவுன்ட்டர் அம்மா மேல இருக்கற மரியாதையோடவே ஒரு விஷயம் சொல்லணும். பிரான்ஸ்ல இருக்கற பாண்டிக்காரங்க எத்தன ஆயிரம் குடும்பம், சொல்தா (பிரெஞ்சு ராணுவ சிப்பாய்) பென்ஷன் வாங்குன வீடுங்க எத்தன, வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் ரிடையர் ஆகி திரும்பிக்கிட்டேதான் இருக்காங்க. ஆபீஸ் சுவத்துல தமிழ்ல ஒரு அரை பக்கம் ஒட்டி வச்சா போதும்: ஸ்டீரிங், மூணு வருஷம், மும்பை, முழு டியூட்டி. சென்னை வரைக்கும் போயி தெரிஞ்சவங்க மூலமா கேட்டுத்தான் இது தெரியணும்னா, தெரிஞ்சவங்க இல்லாதவங்க என்ன செய்வாங்க?

பாரிஸ் ஏஜென்ட்டுக்கு இங்கருந்தே போன் போட்டேன். மொதல்ல "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே"ன்னாரு. மும்பை, வலது பக்க ஸ்டீரிங்னு நான் ஒவ்வொன்னா சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்ல. 300 திருப்பி தர்றேன், மீதிய சாமான் கன்டெய்னர்ல கழிச்சுக்கறேன்னாரு. சாமான் எப்படியும் அனுப்பணும், ஆனா அவருகிட்ட இல்ல, முழுசா குடுங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னும் வரல.

அந்த கணக்கு போட்ட கவர நேரு வீதில ஜெராக்ஸ் எடுத்தேன். எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல பசங்க பிரான்ஸ்லருந்து வரப்போறாங்க, ரெண்டு வீட்டுலயும் ஆளுக்கொன்னு குடுத்தேன். ஒரு வீட்டுல அந்த பாட்டி வாங்கி பாத்துட்டு, பையனுக்கு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, அவனும் அதே ஏஜென்ட்டுக்கு பணம் கட்டிட்டானாம், அடுத்த மாசம் கார ஏத்தறதா இருந்துச்சாம். அன்னிக்கு ராத்திரியே பையன் எனக்கு போன் பண்ணிட்டான், நிறுத்திட்டேன் மாமான்னு.