ஒற்றைக் கேப்சூலா, இரட்டை மைக்கா? குரல் கருவிகளுக்கான திசை மைக்குகள்: ஓர் ஒப்பீடு

பேசுபவரின் குரல் மட்டும் உள்ளே வர வேண்டும், சுற்றியுள்ள இரைச்சல் வெளியிலேயே நிற்க வேண்டும். ஹெட்செட், கூட்ட அறைக் கருவி, இன்டர்காம் என எதை வடிவமைத்தாலும் முதலில் எழும் கோரிக்கை இதுதான். அதற்குப் போட்டியிடும் வழிகள் இரண்டு. முன்னும் பின்னும் துளை கொண்ட ஒற்றைத் திசைக் கேப்சூல் (ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றும், மைக்கின் உட்பகுதி) ஒன்று. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும் இரண்டு சிறு மைக்குகளை அருகருகே வைத்து, ஒன்றின் சமிக்ஞையை மற்றொன்றிலிருந்து கழிக்கும் இரட்டை மைக் இன்னொன்று. இரண்டாவதுதான் புதுமை என்பதால் அதுவே மேல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

அடிப்படை இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றே. ஒற்றைக் கேப்சூலில் சவ்வின் இருபுறமும் ஒலி வந்து மோதுகிறது. பின்துளையில் உள்ள தடுப்பு, அவ்வழியாக வரும் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. பின்னாலிருந்து வரும் இரைச்சல் சவ்வின் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் எட்டுவதால் சவ்வு அசைவதில்லை. 1939-இல் ஷூர் நிறுவனத்தின் யூனிடைன் மைக் ஒரே கேப்சூலில் இதைச் சாதித்தது. இரட்டை மைக்கில் அதே தாமதத்தை மென்பொருள் தருகிறது. ஆகவே உச்சவரம்பும் ஒன்றுதான்: எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வரும் இரைச்சலைக் கார்டியாய்டு வடிவம் (முன்புறம் நன்றாகக் கேட்டு, நேர்பின்புறத்தை ஒதுக்கும் இதய வடிவம்) 4.8 டெசிபல் குறைக்கும், முன்புறம் அதைவிடக் குறுகிய ஹைப்பர்கார்டியாய்டு 6 டெசிபல் குறைக்கும். இந்த வகையில் அதற்கு மேல் யாராலும் போக முடியாது.

வேறுபாடு தொடங்குவது தாழ்ந்த அதிர்வெண்களில். மைக்குகளுக்கு இடையே 10 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ 29 மைக்ரோ வினாடி ஆகும். 200 ஹெர்ட்ஸில் இரு மைக்குகளும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே அலையை. கழித்த பிறகு முன்னாலிருந்து வரும் குரலிலேயே 7 விழுக்காடுதான் மிஞ்சும். அதைப் பழைய அளவுக்கு உயர்த்த 23 டெசிபல் பெருக்க வேண்டும். மைக்கின் சொந்த இரைச்சலும் கூடவே அவ்வளவு உயரும். இன்னொரு சிக்கல் இதைவிட மோசமானது. இரு மைக்குகளின் உணர்திறனில் 1 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே, பின்னாலிருந்து வரும் இரைச்சலில் 12 விழுக்காடு கழிபடாமல் தங்கிவிடும். மிஞ்ச வேண்டிய குரலைவிட மிஞ்சக்கூடாத பிழை பெரிது! அந்த அதிர்வெண்ணில் திசை என்பது பெயரளவுக்குத்தான்.

இடைவெளியைக் கூட்டலாமே என்று தோன்றும். 25 மி.மீ. ஆக்கினால் கீழ்ப்பகுதி தேறும். ஆனால் 6,900 ஹெர்ட்ஸ் அருகே முன்னால் பேசுபவரின் குரலே அழிந்துவிடும். 7,000 ஹெர்ட்ஸ் வரை செல்லும் அகன்ற அலைவரிசைத் தொலைபேசிக்கு இது ஒத்துவராது. ஒற்றைக் கேப்சூலில் கழித்தலைச் செய்வது ஒரே சவ்வு. பொருத்தம் பார்க்க இரண்டாவது மைக் என்று ஒன்று இல்லவே இல்லை. அதன் உண்மையான பலம் இதுதான். பலரும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் கேப்சூலைக் கெடுப்பது பெரும்பாலும் அது குடியிருக்கும் கூடு. பின்துளைக்கும் திறந்த வெளி வேண்டும். கூட்டின் உட்புறத்தில் அது அடைபட்டால், நல்ல விலை கொடுத்து வாங்கிய கார்டியாய்டு எல்லாப் பக்கமும் கேட்கும் சாதாரண மைக்காகிவிடும். கைப்பிடி மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பேசுபவர்களுக்கும் இதே கதிதான். இரட்டை மைக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை போதும். தூசி, ஈரம் புகாமல் மூடுவது எளிது. காற்று வீசும்போது கழித்தலை நிறுத்திவிட்டு ஒற்றை மைக்குக்கு மாறவும் மென்பொருளால் முடியும். திசை மைக்குகளுக்குக் காற்று பெரும் பகை என்பதால் இது சிறிய வசதி அல்ல.

இரண்டையும் மிஞ்சும் ஒன்று உண்டு: தூரம். 60 செ.மீ. தொலைவில் இருக்கும் மைக்கை வாயிலிருந்து 3 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் குரல் 26 டெசிபல் உயர்கிறது. திசை தருவது அதிகபட்சம் 6. எனவே தண்டு உள்ள ஹெட்செட்டுக்கும் மேசையிலிருந்து வளைந்து எழும் மைக்குக்கும் நான் தயங்காமல் ஒற்றைக் கேப்சூலையே தேர்ந்தெடுப்பேன்: வாய் இருக்குமிடம் தெரியும், பின்புறமும் திறந்தே இருக்கும். காதுக்குள் செருகும் கம்பியில்லாக் கருவி, செல்பேசி, மேசை நடுவில் வைக்கும் கூட்டக் கருவி ஆகியவற்றுக்கு இரட்டை மைக்தான் பொருத்தம். மேசையைச் சுற்றிப் பலர் உட்காரும்போது, பேசுபவரை நோக்கித் திசையைத் திருப்பக் கேப்சூலால் முடியாது.

இரட்டை மைக்கை வாங்குபவர் 1,000 ஹெர்ட்ஸில் எடுத்த அழகான திசை வரைபடத்தோடு (எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் படம்) திருப்தி அடைந்துவிட வேண்டாம். 250 ஹெர்ட்ஸில், இறுதிக் கூட்டுக்குள் பொருத்திய பிறகு அளந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கருவிக்கு மட்டுமல்ல, ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து எடுத்த பல கருவிகளுக்கும்.