ஒக்கலா, வளையமா, பக்கிளா?

பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தக்கலையில் பஸ் ஏறினால், டிக்கெட்டுக்கு முன்பே கண்டக்டரின் கேள்வி வந்துவிடும்: "பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?" அடுத்த சீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒக்கல்ல வச்சா போதாதா மக்களே, எதுக்கு இந்தக் கெட்டு?" என்பார். பதினொரு மாதமாக இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு தெளிவு வந்திருக்கிறது. பிள்ளையைக் கட்டித் தூக்க எங்கள் வீட்டுக்கு வந்தவை நான்கு: ஒரு தொங்கு பை, ஒரு ஸ்ட்ரெச் துணி, ஒரு வளையத் துணி, ஒரு பக்கிள் கேரியர். ஸ்ட்ரோலரும் உண்டு. ஆனால் வாசலைத் தாண்டினால் ஓடை ஸ்லாப், அதைத் தாண்டினால் ஜல்லி பெயர்ந்த ரோடு, அதற்கப்புறம் நடைபாதையை மறித்துப் பழக்கடை. இப்போது அது காய்ந்த துணியை அறைக்கு அறை உருட்டிப் போகும் வண்டி.

பாட்டியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அளவுகோல் அதில்தான் இருக்கிறது. ஒக்கலில், அதாவது இடுப்பில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு தொடையும் அகன்று அம்மாவின் இடுப்பை அணைத்திருக்கும். முட்டு இரண்டும் பிட்டத்தைவிட உயர்ந்து நிற்கும். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் நன்றாகப் பொருந்தி உட்காருவது இப்படி இருக்கும்போதுதான். பிறந்த பிள்ளைக்கு அந்தக் குழி பெரும்பாலும் குருத்தெலும்பு, இளக்கமாக இருக்கும். எனக்கு இது தெரியவந்தது மகளால். அவள் கடைசி வரை தலைகீழாகத் திரும்பவில்லை, சிசேரியன். வயிற்றில் அப்படி இருந்த பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்ணாகவும் தலைப்பிள்ளையாகவும் இருந்தால், இடுப்பு மூட்டு விலக வாய்ப்புக் கூடுதல் என்று சொல்லி ஆறாவது வாரம் இடுப்புக்கு ஸ்கேன் எழுதினார் டாக்டர். ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கேரியரைப் பார்த்தாலும் என் கண் முதலில் பிள்ளையின் தொடைக்குத்தான் போகிறது.

அப்படியானால் ஒக்கலே போதாதா? தலை நின்ற பிறகு போதும். முதல் நாலைந்து மாதம் ஒக்கலில் வைக்கவே முடியாது. அதற்கப்புறமும் ஒரு கை பிள்ளைக்கே போய்விடும். மிச்சமிருக்கும் கையால் பஸ் கம்பியையும் பிடிக்க வேண்டும், பையையும் பிடிக்க வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து நின்று குறுக்கு வலி வேறு. ஒக்கலில் பிள்ளை இருக்கும் இருப்பைக் கெடுக்காமல் எனக்கு என் கையைத் திருப்பித் தருவது எதுவோ, அதுதான் நல்ல கேரியர்.

இந்தக் கணக்கில் முதலிலேயே தோற்றது தொங்கு பை. இருபத்தெட்டு கெட்டுக்கு (பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கு) வந்த பரிசு. பெட்டியின் மேல் ஒரு பிள்ளை வெளியே பார்த்துச் சிரிக்கிற படம். தொடைகளுக்கு நடுவில் நாலு விரல் அகலத் துணி, அவ்வளவுதான். எடை முழுவதும் கவட்டில் நிற்க, கால் இரண்டும் நேராகக் கீழே தொங்கும். பத்து நிமிஷம் போட்டதால் ஆரோக்கியமான பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். தினமும் மணிக்கணக்கில், அதுவும் முதல் ஆறு மாதத்தில் என்றால்தான் சிக்கல். வெளியே பார்த்து உட்காருவதற்கும் தலை நன்றாக நிற்க வேண்டும். தூங்கி விழும்போது சாய நெஞ்சு கிடையாது. கண்ணாடி முன்னால் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்தேன். பரிசு தந்தவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "உபயோகிக்கிறியா மக்களே?" என்று கேட்கிறார். தலையை எந்தப் பக்கமும் சேராமல் ஆட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ரெச் துணி, ஐந்து மீட்டர் பனியன் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சிலும் முதுகிலும் குறுக்கே சுற்றி முடிந்து, உள்ளே பிள்ளையைச் செருக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இதைவிடச் சுகமான இடம் கிடையாது, உண்மை. ஆனால் நம் ஊர் வேர்வையில் மூன்று அடுக்கு பனியன் துணியை நெஞ்சில் சுற்றினால் பத்தாவது நிமிஷம் இரண்டு பேரும் நனைந்துவிடுகிறோம். வெளியே போய்க் கட்டவும் முடியாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் கட்டப் பார்த்தேன். ஒரு முனையைத் தோளில் இழுப்பதற்குள் மறுமுனை மழைத்தண்ணீரில் கிடந்தது. ஏழு கிலோ நெருங்கும்போது தொய்யவும் ஆரம்பித்துவிடும்.

இதே கட்டு நெய்த துணியிலும் உண்டு. அதற்கான அளவுப் பட்டியலில் 4.6 மீட்டர், 5.2 மீட்டர் என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம் புடவை ஐந்தரை மீட்டர், அகலம்தான் கூடுதல். அதற்காகப் பழைய புடவையில் தொட்டில் கட்டிய தைரியத்தில் நெஞ்சிலும் கட்டிவிட வேண்டாம். நைந்த இழை எந்த நேரம் விடும் என்று சொல்ல முடியாது. சின்தெடிக் புடவையில் முடிச்சு வழுக்கும்.

வளையத் துணிக்கு வருகிறேன். புடவை கட்டுகிற கைக்கு அது உடனே புரிந்துபோனது. இரண்டு மீட்டர் சொச்சம் நெய்த பருத்தித் துணி, ஒரு முனையில் இரண்டு அலுமினிய வளையம். மறுமுனையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தின் மேலாக மடக்கிக் கீழ் வளையத்துக்குள் எடுத்தால் பெல்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். விற்பவர்கள் 'ரெயில்' என்பது நமக்குக் கரை, 'டெயில்' நமக்கு முந்தி. துணி வளையத்தில் கயிறாகத் திரண்டுவிடாமல் விசிறியாக விரிந்து நிற்க வேண்டும். கொசுவம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். இறுக்கும்போது முந்தியை மொத்தமாக இழுத்தால் ஒன்றும் அசையாது. மேல்கரையைத் தனியாக, கீழ்கரையைத் தனியாக, நடுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். மேல்கரை பிள்ளையின் கழுத்தடியில் நிற்கும். கீழ்கரை பிட்டத்துக்கு அடியில் போய் ஒரு முட்டிலிருந்து மறு முட்டு வரை ஏந்தும். கை பழக எனக்குப் பத்து நாள் ஆனது. முதல் நாள் பிள்ளைக்குப் பதில் இரண்டு கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டிலோரம் நின்று பழகினேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அரிசி அழாதுல்லா" என்றார்.

மாமிக்கு வேறொரு மனத்தாங்கலும் இருந்தது. "பாசிமணி விக்க வாறவளுவ மாதிரி இருக்கு" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் சந்தைப் பக்கம் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு வரும் அந்த அம்மாக்களை நின்று பார்த்தேன். பிள்ளையின் முட்டு உயர்ந்து, முதுகு துணியில் பதிந்து, தலை அம்மாவின் முத்தத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் மூவாயிரம் ரூபாய் கொடுத்து, வீடியோ பார்த்து, பத்து நாள் பழகிய விஷயம். அதே துணி அட்டைப்பெட்டியில் வந்தால் ஃபேஷன், தோளில் அழுக்காகக் கிடந்தால் இளக்காரம். இதில் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

உள்ளூர்த் தையல்காரரிடம் தைத்துவிடலாமே என்று தோன்றும். துணி பிரச்சினை இல்லை, கைத்தறிக்கு நமக்கென்ன பஞ்சம். வளையம்தான் பிரச்சினை. திரைச்சீலை வளையமும் கைப்பை வளையமும் ஒட்டுப் போட்டவை, பிள்ளையின் எடைக்குச் செய்தவை அல்ல. ஒட்டே இல்லாத, இதற்கென்றே விற்கும் வளையம் வேண்டும். வளையத்தைப் பிடிக்கும் இடத்தில் தையல் மூன்று வரிசையாவது ஓட வேண்டும். அதெல்லாம் பார்த்துத் தைத்து வாங்குவதற்குள் தைத்ததையே வாங்கிவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. பாரம் முழுவதும் ஒரு தோளில். தக்கலையிலிருந்து வடசேரி வரை தாங்கும். அங்கே இறங்கிக் கடை கடையாக ஏறி இறங்கினால் தோள் கேட்கும். இன்று வலது, நாளை இடது என்று மாற்றிக் கட்ட வேண்டும். குனிவதென்றால் முட்டுகளை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையைப் பிள்ளை மேல் வைத்துக்கொண்டுதான்.

பக்கிள் கேரியரை ஐந்தாம் மாதம் வாங்கினோம், வளையத் துணியைப் போல இரண்டு மடங்கு விலை. ஏன் தாமதம்? பெரும்பாலான பக்கிள் கேரியருக்குக் குறைந்தபட்ச எடை என்று மூன்றேகால், மூன்றரைக் கிலோ போட்டிருக்கும். என் மகள் பிறந்தது 2.7 கிலோ. அதோடு அதன் இடுப்பு வார் வந்து நிற்பது சரியாகச் சிசேரியன் தையலின் மேல். முதல் இரண்டு மாதம் அந்த இடத்தில் பாவாடை நாடாவே பகை. ஆனால் ஐந்து மாதத்துக்குப் பிறகு இதற்கு ஈடு கிடையாது. பாரம் இரண்டு தோளுக்கும் இடுப்புக்குமாகப் பிரிந்துவிடுகிறது. 'க்ளிக், க்ளிக்' என்று அரை நிமிஷத்தில் மாட்டலாம். முக்கியமாக, வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார். வளையத் துணியைத் தொடக்கூட மாட்டேன் என்றவர், இதை டிரெக்கிங் பை மாதிரி நினைத்துக்கொண்டார். பிள்ளை தானாக உட்கார ஆரம்பித்த பிறகு முதுகில் போட்டுக்கொண்டு சிதறால் மலை ஏறினார். நான் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன். வாங்கும்போது அடிப்பக்க அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். துணி முட்டு வரை எட்ட வேண்டும். ஸ்பாஞ்சு வைத்த இடுப்பு இருக்கை, நாலு முனையும் கட்டுகிற சீன மாதிரி மே டாய் ஆகியவையும் கடையில் உண்டு. முந்தையது தத்தித் தத்தி இறங்கி ஏறும் வயசுக்குச் சரி. பிந்தையதை நான் கட்டிப் பார்த்ததில்லை.

இனி கண்டக்டருக்குப் பதில். மூச்சு முட்டுமா? தப்பாகக் கட்டினால் முட்டும். பிள்ளை உள்ளே சுருண்டு தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும், அழக்கூடச் சத்தம் வராது. பிள்ளையைக் குறுக்கே படுக்க வைக்கும் ஆழமான தோள்பைகளில் இப்படி இறப்புகள் நடந்ததைப் பார்த்துத்தான் 2010இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது, நாலு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று. அதனால் எந்தக் கேரியரானாலும் பிள்ளை நிமிர்ந்து, நெஞ்சோடு நெஞ்சாக இருக்கட்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். குனிந்தால் உச்சி உங்கள் உதட்டுக்கு எட்ட வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். முந்தியால் மூடிவிடாதீர்கள், வெயில் என்றாலும். பால் கொடுக்கக் கீழே இறக்கினால், குடித்து முடித்ததும் பழையபடி மேலே ஏற்றிவிட வேண்டும். குறைமாதப் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். அடுப்படியில் எதுவும் வேண்டாம், ரசம் தாளிக்கக்கூட.

ஸ்கூட்டரிலும் வேண்டாம். "கட்டிக்கிட்டு பின்னால உக்காரேன், பஸ்ஸுக்கு ஏன் நிக்கணும்?" என்று அவர் ஒருநாள் கேட்டார். விழுந்தால் எங்கள் இரண்டு பேர் எடைக்கும் நடுவில் பிள்ளை இருக்கும். 2023 பிப்ரவரியிலிருந்து நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்ற பாதுகாப்பு வார், ஒன்பது மாதம் ஆகிவிட்டால் ஹெல்மெட்டும், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த வார் வேறு, இந்தக் கேரியர் வேறு. காரிலும் இது குழந்தை இருக்கைக்குப் பதிலாகாது.

"எப்பவும் தூக்கிக்கிட்டே இருந்தா கைப்பழக்கம் ஆயிரும்" என்பது மாமியின் அடுத்த ஆயுதம். பேறுகால வார்டில் பக்கத்துக் கட்டிலில் எடை குறைந்து பிறந்த பிள்ளையை அந்த அம்மாவின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று நர்ஸ் சொன்னார். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை அது. தூக்கினால் கெட்டுப்போகும் என்றால் அந்தப் பிள்ளை எப்படித் தேறும்? 1986இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வில், தினமும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த ஆறு வாரப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். ஆனால் வயிற்று வலிக்காரப் பிள்ளைகளுக்கு அது பலிக்கவில்லை என்று அந்தக் குழுவில் ஒருவரே பிறகு எழுதினார், அதையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் சாயங்காலம் ஆறு மணிக்கு அழத்தான் செய்தாள். நெஞ்சில் இருந்து அழுதாள், அவ்வளவுதான்.

எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறேன். பிறந்த நாளிலிருந்தே வேண்டுமா, பஸ்ஸில் போவீர்களா? அப்படியானால் வளையத் துணி. நாலைந்து மாதம் கழித்து, வீட்டுக்காரரும் தூக்க வேண்டும் என்றால் பக்கிள். கூடவே ஒரு சமாச்சாரம்: ஆடிச் சாரலில் வளையத் துணி திண்ணைக் கொடியில் அரை நாளில் காய்ந்தது. பக்கிளின் பஞ்சு வார் இரண்டு நாளாகியும் ஈர வாடை போகாமல் கிடந்தது.

இப்போது மகளை ஒக்கலில்தான் வைக்கிறேன், மேலே வளையத் துணியைச் சுற்றிக்கொண்டு. போன வாரம் குமாரகோவிலுக்குக் கிளம்பும்போது மாமி என்னை வாசலில் நிறுத்தினார். முந்தியைப் பிடித்து ஓரத்தை மட்டும் தனியாக ஒரு இழு இழுத்துவிட்டு, "மேல்கரை தொய்ஞ்சு கெடக்கு, பாக்க மாட்டியா?" என்றார்.