பதுக்கப்பட்ட டொமைன்: விலைக்கு வாங்குவதா, யுடிஆர்பியா, நீதிமன்றமா?

உங்கள் பிராண்ட் பெயரில் டாட் காமை வேறொருவர் பதிவு செய்து விற்பனைக்கு வைத்திருக்கிறார் என்றால் வழி மூன்று. டிரேட்மார்க் பதிவு கையில் இருப்பவருக்கு நான் சொல்வது யுடிஆர்பிதான், அதாவது நீதிமன்றம் போகாமல் டொமைன் தகராறை நடுவர் தீர்க்கும் முறை.

வாங்குவது வேகமான வழி. கேட்கும் விலை 1,500 டாலருக்குக் கீழே என்றால் பேசாமல் வாங்கிவிடலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் யுடிஆர்பி புகார் கட்டணமே அவ்வளவு (ஒரு நடுவர், 5 டொமைன் வரை). பணம் எஸ்க்ரோ (டொமைன் கைமாறும் வரை பணத்தை மூன்றாமவர் வைத்திருக்கும் முறை) வழியாக மட்டுமே போகட்டும்.

நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். டொமைன் பெயருக்கும் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. போலித் தளம் வாடிக்கையாளரின் பணத்தைச் சுருட்டுகிறது என்றால் அங்கேதான் போக வேண்டும். மற்றபடி எதிராளி வெளிநாட்டில் இருந்தால் வழக்கு இழுக்கும்.

யுடிஆர்பியில் அந்தச் சிக்கல் இல்லை. டொமைன் பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் 1999-ல் கொண்டுவந்த விதி இது. டாட் காம் பதிவு செய்யும் எவரும் ஒப்பந்தத்திலேயே இதற்குக் கட்டுப்படுகிறார். எதிராளி தன் பெயரை மறைத்திருந்தாலும், டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனமான பதிவாளரிடம் வைப்போ கேட்டு வாங்கித் தரும். பதில் சொல்ல 20 நாள், நடுவர் அமர்ந்தபின் தீர்ப்புக்கு 14 நாள், பிறகு 10 வேலை நாளில் டொமைன் மாறும், இடையில் எதிராளி நீதிமன்றம் போகாவிட்டால். நஷ்டஈடு மட்டும் கிடையாது.

வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தேதி. நிரூபிக்க வேண்டியவை மூன்று: டொமைன் உங்கள் டிரேட்மார்க்கை ஒத்திருக்க வேண்டும், எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு பதிவும் செய்திருக்க வேண்டும், பயன்படுத்தவும் வேண்டும். 2012-ல் பதிவான டொமைன், 2016-ல் தொடங்கிய பிராண்ட் என்றால் கெட்ட எண்ணம் என்ற மூன்றாவது பொதுவாக நிற்காது. அன்று இல்லாத பிராண்டை எப்படிக் குறிவைத்திருப்பார்? இன்று எத்தனை லட்சம் கேட்டாலும் பதில் அதுதான்.

ஆனால் டொமைன் பதிவு விவரம் காட்டும் ஆர்டாப் தேடலில் தெரியும் உருவாக்கத் தேதியைப் பார்த்ததுமே கைவிட்டுவிடாதீர்கள். அது டொமைன் முதன்முதலில் பதிவான நாள். நடுவில் கைமாறியிருந்தால், இப்போதைய உரிமையாளர் வாங்கிய நாள்தான் கணக்கு. பழைய ஹூயிஸ் (டொமைன் உரிமையாளர் விவரம்) பதிவுகளையும் வேபேக் மெஷினில் தளத்தின் பழைய பக்கங்களையும் வரிசையாகப் பாருங்கள். எந்த ஆண்டில் ஆள் மாறினார் என்று பெரும்பாலும் பிடிபடும். வெறும் புதுப்பித்தல் புதிய பதிவாகாது.

உங்கள் பக்கத்துத் தேதியும் உறுதியாக இருக்க வேண்டும். டிரேட்மார்க் விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டும் போதாது. பதிவாகாத பெயர் என்றால் பில், விளம்பரம், செய்தி நறுக்கு என்று ஆண்டுவாரியாகச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதில் நடுவருக்கு நடுவர் மாறுபடுவார்கள். தேதி இடிக்கிறது என்று தெரிந்தே புகார் போட்டால், டொமைனைப் பறிக்க முயன்றவர் நீங்கள் என்று தீர்ப்பிலேயே எழுதிவிடலாம். அது உங்கள் நிறுவனப் பெயரோடு இணையத்தில் வெளியாகும்.

டாட் இன் என்றால் அதை நிர்வகிக்கும் நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி, யுடிஆர்பி போன்ற முறை. 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி ஒரே நடுவர் விசாரிப்பார். பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்று கெட்ட எண்ணத்தோடு இருந்தாலே அங்கே போதும். டாட் காமில் தேதியால் அடிபடும் புகார் டாட் இன்னில் நிற்க வாய்ப்பு உண்டு.