பத்தாயிரம் ரூபாய்ப் பள்ளிக்கூடமும் ஒரு ஹார்டுவேர் கடையும்

அரூர் கடைவீதியில் இருக்கிற அந்த ஹார்டுவேர் கடையின் பெயரை நான் போடப்போவதில்லை. கடைக்காரரே வேண்டாம் என்றுவிட்டார். "பேரைப் போட்டீங்கன்னா மார்ச் 28ஆம் தேதி ஒன்றியத்துல இருக்கிற அத்தனை எச்.எம்.மும் இங்கதான் வந்து நிப்பாங்க டீச்சர்." பயம் நியாயம்தான். ஆனால் நான்கு வருஷமாக அங்கே பள்ளிக்குச் சாமான் வாங்கிவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. வாசலில் பி.வி.சி. குழாய்களைச் சாய்த்து, பக்கத்தில் மண்வெட்டிக் காம்புகளைக் கட்டுக்கட்டாக நிறுத்தியிருக்கும். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் சித்தேரி மலை அடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. இரண்டு ஆசிரியர்கள், 27 பிள்ளைகள். பாடம் நடத்துவது ஒரு வேலை என்றால், அரசு வருஷாவருஷம் தருகிற பள்ளி மானியத்தைச் செலவு செய்வது இன்னொரு வேலை. செலவு செய்வதில் என்ன கஷ்டம் என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார்.

முன்பெல்லாம் பள்ளிக் கணக்கில் பணம் ஏறும், செக் கொடுப்போம். இப்போது ஜீரோ பேலன்ஸ் கணக்கு. பணம் வந்து உட்காராது. இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு மட்டும் வரும். பள்ளி மேலாண்மைக் குழு (பெரும்பாலும் பெற்றோர்கள்தான்) கூடித் தீர்மானம் போடவேண்டும். அரசுப் பணம் பட்டுவாடா ஆகிற பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தில் கடைக்காரரை அவருடைய வங்கிக் கணக்கோடு வெண்டராக, அதாவது பணம் பெறுபவராக, ஏற்றவேண்டும். ஓர் ஐ.டி.யில் பில்லைப் பதிந்து, இன்னோர் ஐ.டி.யில் ஒப்புதல் கொடுத்து, வருகிற தாளில் நானும் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுக்கவேண்டும். அப்புறம் பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகும். மார்ச் 31க்குள் செலவாகாதது நமக்கில்லை. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கடைக்காரர்கள் "ரொக்கம்னா வாங்க டீச்சர்" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

இதற்கு முன் வாங்கிய கடைக்காரர் (வேறு ஊர், பெயர் வேண்டாம்) நல்ல மனுஷர்தான். பாஸ்புக் நகல் கேட்டதும் கொடுத்தார். பழைய பாஸ்புக். வங்கிகள் இணைந்தபோது ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பணம் போய்ச் சேரவில்லை. சரிசெய்வதற்குள் மார்ச் முடிந்தது. 2,300 ரூபாய் என் கைக்காசு.

இந்தக் கடையில் முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன், "எந்த மானியத்துல வாங்குறீங்க?" என்று கேட்டார். கல்லாவுக்குக் கீழே ஒரு இழுப்பறை. அதில் ரத்துசெய்த காசோலை நகல், பான், ஜி.எஸ்.டி. சான்று மூன்றையும் சேர்த்துப் பின் அடித்து இருபது செட் தயாராக வைத்திருக்கிறார். பில் என் பெயருக்கு வராது, "தலைமையாசிரியர், ஊ.ஒ.தொ. பள்ளி" என்றுதான் வரும். பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் எல்லாம் தனி பில். மானியத்தில் 10 சதவீதம் சுகாதாரத்துக்குக் காட்டவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். "இப்பவே பிரிச்சுட்டா ஆடிட்ல உட்கார்ந்து பிரிக்க வேணாம்ல?"

மூன்று கடைகளின் விலைப்புள்ளி (கொட்டேஷன்) வேண்டும் என்றால் தன்னுடையதை மட்டும் தருவார். மற்ற இரண்டையும் வேறு கடை லெட்டர்பேடில் 'ஏற்பாடு' செய்து தருகிற பழக்கம் அவரிடம் இல்லை. முதலில் எனக்கு எரிச்சல். வெயிலில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். இப்போது யோசித்தால், அவரிடம் நான் தொடர்ந்து வாங்குவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கடை எங்களுக்கு என்ன என்பது புரியும். பள்ளித் தண்ணீர்த் தொட்டி அடியில் விரிசல் விட்டது. குழுத் தலைவரம்மாவுடன் சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். அவர் இரண்டு மாடு கறந்துவிட்டு வந்திருந்தார். 500 லிட்டர் தொட்டியைக் காட்டியதும் சுற்றி வந்து, விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். "மூணு லேயர்தானா அண்ணே? இது பசங்க குடிக்கிற தண்ணி. எங்க வீட்டு மாட்டுத் தொட்டி இல்ல." 3,900 சொன்ன தொட்டி 3,650க்கு இறங்கியது. நான் பேரம் பேசியிருந்தால் 3,850இல் நின்றிருக்கும்.

அப்புறம் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். தொட்டி 3,650. நாலு குழாய்த் திருகு 560. பைப்பு, எல்போ, பசை 1,190. எல்.இ.டி. டியூப் நாலு 920. கரும்பலகை பெயிண்ட் ஒரு லிட்டர் 380. சுகாதாரச் சாமான் 1,000. சாக்பீஸ், பதிவேடு, சார்ட் வேறு கடை என்பதால் அதற்கு 1,300 ஒதுக்கினார். பிளம்பருக்கு 950. மொத்தம் 9,950. "அம்பது ரூபாய் மிச்சம் டீச்சர், அதை எடுக்க முடியாது" என்று சிரித்தார். பிளம்பரையும் வெண்டராக ஏற்றவேண்டும் என்று ஞாபகப்படுத்தி, அவருடைய பாஸ்புக் முதல் பக்கத்தைத் தானே போனில் வாங்கி எனக்கு அனுப்பினார். தொட்டி பஸ்ஸில் ஏறாது. மலைப்பக்கம் போகிற ஒரு டெம்போவில் ஏற்றிவிட்டார். வண்டிக் கூலி கேட்கவில்லை.

அந்த அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. எங்களுக்கு ஏன் பத்தாயிரம் என்றால், இந்த ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வருகிறது. 30 பேர் வரை 10,000. 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். தலைக்கு வகுத்தால் எங்களுக்கு 370 ரூபாய். 260 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு 288தான். தாளில் நாங்கள்தான் பணக்காரர்கள்! ஆனால் தொட்டி விரிசல் விட்டால் 27 பிள்ளைகளுக்கு ஒரு விலை, 100 பிள்ளைகளுக்கு ஒரு விலை என்று கடையில் கிடையாது. டியூப்லைட்டுக்கும் ஓட்டுக் கூரைக்கும் தலை எண்ணத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. முந்தைய வருஷம் எங்களிடம் 32 பேர். இரண்டு குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு போயின. ஐந்து பிள்ளைகள் குறைந்தார்கள், மானியத்தில் 15,000 குறைந்தது. தலைவரம்மாவிடம் சொன்னபோது, "அப்ப ஒரு புள்ளைக்கு மூவாயிரமா டீச்சர்?" என்று கேட்டார். எனக்கே அப்படிக் கணக்குப் போடத் தோன்றவில்லை. போன தடவை குழுவை மாற்றியமைத்தபோது 24 உறுப்பினர்கள் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளே 27. கிட்டத்தட்ட எல்லா வீட்டு வாசலிலும் போய் நின்றேன்.

கடைக்காரர் பேப்பர் படிக்கிறவர். எங்கள் மானியம் வருகிற மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் 2024-25க்கான மத்தியப் பங்கு 2,152 கோடி வராமல், தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனபோது, அந்தச் செய்தியை என் முன்னால் விரித்து, "இதுல உங்க பத்தாயிரம் எங்க டீச்சர் இருக்கு?" என்றார். கிண்டல்தான். ஆனால் பணம் வர நாளானால் "எப்ப வரும்" என்று இதுவரை ஒரு போன் போட்டதில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு முழு மதிப்பெண்.

மானியம் போதாவிட்டால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம்; முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள் நன்கொடை தரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் முன்னாள் மாணவர்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும், ஓசூரில் ஷிப்ட் வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது, ஒரு பொங்கலுக்குக் கல்விச் சீர் கொண்டுவந்தார்கள். மேளம் முன்னால் போக, தட்டுகளில் நோட்டு, பேனா, சுவர்க் கடிகாரம், இரண்டு குடம், ஒரு மின்விசிறி. மின்விசிறி இந்தக் கடையில் வாங்கியது. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் அசல் விலைக்குக் கொடுத்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னது அவரல்ல, பையன்கள்தான்.

சரி, குறைகள். இரும்புச் சாமான் சேலத்தைவிட விலை கூட. பீரோ வாங்கவே வாங்காதீர்கள். எங்களுடையதில் பூட்டு இறுகி, சாவியைத் திருப்ப ஊரில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவனைக் கூப்பிடுகிறேன். மேலே சொன்ன பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் தயிர் மாதிரி ஆடை படிந்திருந்தது. பேசாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் எனக்கு இரண்டு பஸ் நடை. கடைப் பையன் நாப்கின் எரியூட்டி, வீல்சேர் சாய்தளக் கைப்பிடி மாதிரிச் சாமான்களுக்கு "இல்ல" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவான். முதலாளி இருந்தால் வரவழைத்துத் தருவார். அப்புறம், முதலாளி நிறையப் பேசுவார். அவசரமாகப் போகாதீர்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது பீரோவுக்கு.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்கு முன்னால் போங்கள், அதற்கு மேல் கொத்தனார்கள் கூட்டம். தீர்மான நகலும் பள்ளி முத்திரையும் கையில் இருக்கட்டும். போன தடவை நான் முத்திரையை மறந்துவிட்டேன். தலைவரம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.