பொது அறிவியலுக்கு வினா-விடைக் கையேடா, பாடநூலா?

நுழைவுத் தேர்வின் பொது அறிவியல் பகுதிக்குப் பினாங்கில் ஆயத்தமாகும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை நம்பியிருக்கிறார்கள்: ஒருவரி வினா-விடைகளைத் திரட்டிய நகல் கையேடு, அல்லது இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடநூல்கள்.

கையேட்டைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. விசையின் அலகு நியூட்டன், வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி நோய் என்பன போன்ற, பெயரையும் அலகையும் மட்டுமே கேட்கும் வினாக்களுக்கு அதைவிட விரைவான வழி இல்லை. பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் பெர்ரிப் படகு கரை சேர்வதற்குள் இரண்டு பக்கம் முடித்துவிடலாம்.

ஆனால் கையேட்டுக்கு வயதாகிவிடுகிறது. என்னிடம் டியூஷன் படிக்கும் மாணவி ஒருத்தி கொண்டுவந்த நகலில் கோள்கள் ஒன்பது என்றிருந்தது. அந்த விடையைப் பென்சிலால் வட்டமிட்டு, யாரோ சரிக்குறியும் போட்டிருந்தார்கள். புளூட்டோவை 2006ஆம் ஆண்டிலேயே அனைத்துலக வானியல் ஒன்றியம் குறுங்கோள் என வகைப்படுத்திவிட்டதால் சரியான விடை எட்டு. கிலோகிராமுக்கு அளவுகோல் பாரிஸ் அருகே காக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளை என்றது இன்னொரு பக்கம். 2019 மே 20 முதல் கிலோகிராம், பிளாங்க் மாறிலி என்னும் மாறாத இயற்பியல் எண்ணைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு, வினாவைச் சற்றே திருப்பிக் கேட்கும்போது தெரியும். நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ் என்பதோடு கையேடு நின்றுவிடுகிறது. அழுத்தப் பாடத்தை ஊன்றிப் படித்தவரோ, 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த, பினாங்கின் கொடிமலை உச்சியில் காற்றழுத்தம் குறைவதால் நீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும் என்றும், வீட்டுக் குக்கரில் அழுத்தம் கூடுவதால் நீர் 120 பாகையை நெருங்கிய பிறகே கொதிக்கும் என்றும், பருப்பு அதில் விரைவில் வேகக் காரணம் அந்த வெப்பமே என்றும் தாமாகவே சொல்லிவிடுவார். ஒரே காரணத்தைப் புரிந்துகொண்டால் மூன்று வினாக்களுக்கு விடை கிடைக்கிறது.

பாடநூலிலும் இடர் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ‘அடர்த்தி’ என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதையே ‘கெதும்பாத்தான்’ என்ற மலாய்ச் சொல்லாகச் சந்திக்கும்போது, புதிய பாடம் என்று மிரண்டுவிடுகிறது. பக்க ஓரத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுதிவைத்தால் அந்த மிரட்சி பெரும்பாலும் அகன்றுவிடும்.

மூன்று மாத அவகாசம் இருப்பவர் பாடநூலில் தொடங்கி, கையேட்டைக் கடைசி இரண்டு வாரத்திற்கு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. இரண்டு வாரமே இருந்தால் கையேட்டைத் தவிர வேறு வழியில்லை. வாங்குமுன் கோள்கள் எத்தனை என்று அதில் போட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள்.