குதிரைத்தலை நெபுலாவுக்கு எந்த நிறம் சரி: கைவேலையா, கேமராவா, விண்மீன் பட்டியலா?

நெபுலா என்பது விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகம். கலர் கேமராவில் எடுத்த நெபுலாப் படங்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து, அதாவது ஸ்டேக் செய்து திறந்தால், படம் முழுக்கப் பச்சை பூசினாற்போல் இருக்கும். சென்சரில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை என்பதால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். காரணம் அதுவல்ல. நிறம் பிரிக்கும்போது மென்பொருள் அந்த இரண்டு பச்சையையும் கூட்டிக்கொள்வதில்லை. சென்சரும் அதன் மேலிருக்கும் பச்சை ஃபில்டரும் சேர்ந்து பச்சை ஒளியை மற்ற இரண்டையும்விட நன்றாகப் பிடிக்கின்றன. பகல் படங்களில் கேமராவே சிவப்பைச் சுமார் இரண்டு மடங்கும் நீலத்தைச் சுமார் ஒன்றரை மடங்கும் பெருக்கி இதைச் சரிக்கட்டிவிடும். கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ராவை நேராக ஸ்டேக் செய்யும்போது அந்தப் பெருக்கல் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. எந்த வழியானாலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: படத்தில் எது கறுப்பு, எது வெள்ளை? முதலாவது கழித்தல் கணக்கு. ஊர் வெளிச்சமும் வளிமண்டலத்தின் சொந்த ஒளிர்வும் நெபுலாவின் மேல் கூடுதலாக வந்து விழுந்தவை, அவற்றைக் கழிக்க வேண்டும். இரண்டாவது பெருக்கல் கணக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களுக்கும் எந்த விகிதம் கொடுத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்பது அது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க ஓரியன் விண்மீன் கூட்டத்தின் குதிரைத்தலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரே சட்டகத்தில் மூன்று விதமான நிறம் அங்கே இருக்கிறது. குதிரைத்தலை என்பது அந்த வடிவத்தில் தெரியும் கறுப்புத் தூசி. அதற்குப் பின்னால் திரைபோல் நிற்கும் ஐசி 434 ஹைட்ரஜனின் சிவப்பு. தலைக்குக் கொஞ்சம் கீழே உள்ள என்ஜிசி 2023, விண்மீன் ஒளியைத் தூசி சிதறடிப்பதால் வரும் நீலம். அல்நிடாக் விண்மீனை ஒட்டியிருக்கும் சுடர் நெபுலா, அதாவது என்ஜிசி 2024, செம்மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். ஒரு வழி சரியா என்று பார்க்க இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும். மூன்றும் ஒரே ரோஸ் நிறத்தில் வந்தால் எங்கேயோ கோளாறு.

கையால் செய்வது

எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மூன்று சேனல்களின் மேடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வருமாறு நகர்த்துவதுதான் பழைய வழி. எந்த மென்பொருளிலும் செய்யலாம், காசு செலவில்லை. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைச் சுற்றிக் காலி வானம் நிறைய இருக்கும் அகலமான படத்தில் இது ஓரளவு ஒத்துவரும். அங்கே ஹிஸ்டோகிராமின் மேடு என்பதே வெறும் வானம்தான்.

குதிரைத்தலையில் அப்படி இல்லை. நீண்ட எக்ஸ்போஷரில் சட்டகத்தின் பெரும்பகுதியில் ஹைட்ரஜன் மங்கலாகப் படர்ந்திருக்கும். இருட்டாகத் தெரியும் மூலையில்கூடச் சிவப்பும் தூசியும் இருக்கும். அந்த மூலையைத் தேர்ந்தெடுத்து "இதுதான் சாம்பல்" என்று சொன்னால், மென்பொருள் நெபுலாவின் சிவப்பையே ஊர் வெளிச்சம் என்று நினைத்துக் கழித்துவிடும். விளைவு உடனே தெரியும்: தூசிப் பகுதிகள் பச்சை கலந்த நீலமாகும், ஐசி 434-இன் மங்கலான ஓரங்கள் காணாமல் போகும். இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. மேடுகளைச் சேர்க்கச் சிலர் கழிப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவார்கள். பின்னணி சாம்பலாகிவிடும், ஆனால் விண்மீன்களின் நிறம் திசைமாறிப் போயிருக்கும்.

கேமராவின் பகல் வெளிச்ச அமைப்பு

ராவை மாற்றும்போதே பகல் வெளிச்ச வொயிட் பேலன்ஸையும் அந்தக் கேமராவுக்கான நிற அணியையும் (சென்சரின் நிறங்களைத் திரையின் நிறங்களாக மாற்றும் எண் அட்டவணை) பயன்படுத்துவது அடுத்த வழி. சூரிய ஒளி வெள்ளை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதால், சட்டகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இதற்குக் கவலையே இல்லை. இது இதன் பெரிய பலம். மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆரில், நல்ல இருட்டு வானத்தில், உயரத்தில் நிற்கும் ஓரியனை எடுத்தால் விண்மீன்களின் நிறம் நம்பும்படியாகவே வரும். எளிமைக்காகவே இதைக் கொஞ்சம் மதிக்கிறேன்.

ஆனால் மாற்றம் செய்யாத கேமராவின் உள் ஃபில்டர் 656.3 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன் ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடும். அதனால்தான் கேனான் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ என்றும், நிக்கான் 2015-இல் டி810ஏ என்றும் தனி மாடல்கள் விட்டன. சாதாரணக் கேமராவில் அந்த ஃபில்டரைக் கழற்றி மாற்றியவர்களுக்குப் பகல் வெளிச்ச அமைப்பு பொருந்தாது, எல்லாம் செக்கச் செவேல் என்று வரும். ஊர் வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபில்டர் மாட்டியிருந்தாலும் இதே கதை.

விண்மீன் பட்டியல்

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. படத்தில் உள்ள விண்மீன்கள் எவை என்று மென்பொருள் அடையாளம் கண்டு, அவற்றின் உண்மையான நிறம் என்ன என்று பட்டியலில் பார்த்து, அதற்கேற்ப மூன்று சேனல்களின் விகிதத்தையும் தானே போட்டுக்கொள்கிறது. வானியல் பட மென்பொருளான பிக்ஸ்இன்சைட்டில் 2017-இல் வந்த பிசிசி என்ற கருவி, விண்மீன்களின் பிரகாச அளவுகளை வைத்து இதைச் செய்தது. 2022-இல் வந்த எஸ்பிசிசி இன்னும் ஆழமாகப் போனது. அந்த ஆண்டு வெளியான, விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவுத் தொகுப்பில் சுமார் 22 கோடிப் பொருள்களின் நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற பதிவு, இருக்கிறது. அந்த நிறமாலையை உங்கள் சென்சரும் ஃபில்டரும் எப்படிப் பதிவு செய்யும் என்று கணக்கிட்டு, படத்தில் வந்ததோடு ஒப்பிடுகிறது. இலவச மென்பொருளான சிரிலும் 1.4 பதிப்பில் இதைத் தருகிறது. காசு கொடுத்து பிக்ஸ்இன்சைட் வாங்க இனி நிறத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

குதிரைத்தலைப் படத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். வெள்ளையை நெபுலாவில் தேடாமல், ஆயிரக்கணக்கான விண்மீன்களிடம் கேட்கிறது. மாற்றிய கேமராவா, எந்த ஃபில்டர் என்பதெல்லாம் கணக்கில் அடங்கிவிடும். வெள்ளைக்கு அளவுகோலாகச் சராசரிச் சுருள் கேலக்ஸியை வைப்பதா, சூரியனைப் போன்ற ஜி2வி விண்மீனை வைப்பதா என்று சண்டை போடுகிறார்கள். வித்தியாசம் சிறிதுதான், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் வானத்தின் ஏற்றத்தாழ்வான வெளிச்சத்தை நீக்க வேண்டும், அப்புறம் எஸ்பிசிசி, அதற்கப்புறம்தான் ஸ்ட்ரெச், அதாவது மங்கலானதைப் பிரகாசமாக்கும் வேலை. ஸ்ட்ரெச் செய்த படத்தில் ஓட்டினால் விகிதங்கள் ஏற்கெனவே வளைந்துபோயிருக்கும். இன்னொன்று, சிரிலில் ஆட்டோஸ்ட்ரெச் பார்வையில் சேனல்களைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் மோசமான படமும் நடுநிலையாகவே தெரியும். சரிசெய்த பிறகு சேனல்களை இணைத்துவிட்டுப் பாருங்கள், உண்மை அப்போதுதான் தெரியும்.

சரி, இவ்வளவு துல்லியமாகச் செய்தும் இரண்டு பேரின் ஓரியன் நெபுலா ஏன் ஒரே நிறத்தில் வருவதில்லை? விண்மீன்கள் எல்லா அலைநீளத்திலும் ஒளிர்கின்றன, நெபுலாவோ சில மெல்லிய கோடுகளில் மட்டும் ஒளிர்கிறது. ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர்க் கோடு, நீல ஃபில்டரும் பச்சை ஃபில்டரும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் விழுகிறது. ஒரு கேமராவில் அந்த எல்லை சில நானோமீட்டர் தள்ளியிருந்தால் அதே ஆக்சிஜன் பச்சையாகும், இன்னொன்றில் நீலமாகும். விண்மீன்கள் இரண்டு படத்திலும் அச்சு அசலாக ஒத்துப்போகும், நெபுலா ஒத்துப்போகாது. இதை எந்தப் பட்டியலாலும் சரிசெய்ய முடியாது.

பச்சையை வெட்டும் பொத்தான்

எஸ்சிஎன்ஆர் என்று பிக்ஸ்இன்சைட்டிலும் பச்சை இரைச்சல் நீக்கம் என்று சிரிலிலும் இருக்கிறது. வழக்கமான முறையில், எந்தப் பிக்சலிலும் பச்சை, சிவப்பு நீலத்தின் சராசரியைத் தாண்டினால் அந்தச் சராசரிக்கே இறக்கிவிடும். பச்சை விண்மீன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் பச்சை எல்லாமே குப்பை என்று நினைப்பவர்கள் இதை முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள்.

நெபுலாவில் பச்சை உண்டு. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் டிராக்கோவில் உள்ள பூனைக்கண் நெபுலாவை நிறமாலைமானியில் பார்த்தபோது கண்ட கோடுகள் பச்சையில்தான் இருந்தன. அது தெரியாத தனிமம் என்று நினைத்து நெபுலியம் என்று பெயர்கூட வைத்தார்கள். இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927-இல் ஐரா போவன் கண்டுபிடித்தார். பெரிய தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவான எம்42-இன் மையத்தைக் கண்ணால் பார்த்தாலே இலேசான பச்சை தெரியும். அந்த மையத்தில் எஸ்சிஎன்ஆர் ஓட்டினால் ஆக்சிஜனையே வெட்டுகிறோம். குதிரைத்தலையில் ஆக்சிஜன் கோடு மிகப் பலவீனம், அங்கே கொஞ்சமாக ஓட்டினால் மோசமில்லை. நிறம் சரிசெய்யாமல் இதை மட்டும் ஓட்டிப் பச்சையை மறைப்பது மட்டும் வேண்டாம்.

குறும்பட்டை ஃபில்டர்கள்

ஊருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கு, ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகளை மட்டும் உள்ளே விடும் இரட்டைப்பட்டை ஃபில்டர் வரப்பிரசாதம்தான். ஆனால் குதிரைத்தலைக்கு அது நல்ல தேர்வில்லை. என்ஜிசி 2023-இன் நீலம் கோடு கோடாக வருவதில்லை, எல்லா அலைநீளத்திலும் பரவியது. ஃபில்டர் அதைக் கிட்டத்தட்ட முழுக்கவே விழுங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பு மட்டும். எஸ்பிசிசியில் இதற்கென்று குறும்பட்டை அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க மறந்து சாதாரண முறையில் ஓட்டினால் விடை அர்த்தமற்றது.

ஹப்பிளின் 1995-ஆம் ஆண்டுப் படைப்பின் தூண்கள் படத்தால் பிரபலமான முறையில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். கந்தகமும் ஹைட்ரஜனும் கண்ணுக்கு இரண்டுமே சிவப்பு என்பதால் அவற்றைப் பிரித்துக் காட்ட இந்த ஏற்பாடு. இங்கே சரியான நிறம் என்ற பேச்சே கிடையாது, வாயுக்கள் பிரிந்து தெரிகின்றனவா என்பதுதான் கேள்வி. அப்படியே சேர்த்தால் ஹைட்ரஜன் ஓங்கிப் படம் பச்சையாகும். அதனால் மூன்றையும் தனித்தனியாக ஸ்ட்ரெச் செய்து சமன்படுத்துகிறார்கள், விண்மீன்கள் ஊதாவாகத் திரும்பிவிடும் என்பதால் அவற்றைத் தனியே நீக்கி, ஃபில்டர் இல்லாமல் எடுத்த விண்மீன்களை ஒட்டுகிறார்கள். அந்தத் தூண்கள் இருக்கும் கழுகு நெபுலாவுக்கு இது அருமை. ஓரியனின் இந்த மூலைக்கு வீண் வேலை.

கடைசியாகத் தென்வானத்தின் கரீனா நெபுலா. சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கே சுமார் 17 பாகைக்கு மேல் எழும்புவதில்லை. அவ்வளவு தாழ்வில் வளிமண்டலம் சிவப்பைவிட நீலத்தை அதிகம் தின்றுவிடும். கேமராவின் பகல் வெளிச்ச அமைப்புக்கு இது தெரியாது, படம் பழுப்பேறி வரும். எஸ்பிசிசி சமாளித்துவிடும், ஏனென்றால் விண்மீன்களின் ஒளியும் அதே காற்றைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. ஆனால் இழந்த நீலத்தை அது பெருக்கித்தான் ஈடுகட்டுகிறது, கூடவே நீலச் சேனலின் இரைச்சலும் பெருகி இருட்டுப் பகுதியில் நீலத் திட்டுகளாக நிற்கும். மென்பொருளில் அதற்கு மருந்தில்லை. மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவு, ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் கரீனா உச்சிக்கு வரும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்து, அதையே பல இரவுகள் சேர்த்து ஸ்டேக் செய்யுங்கள்.