எல்எஸ்யூ 2019, அலபாமா 2020: எந்தப் பருவம் பெரிது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் தோல்வியே காணாமல் பட்டம் வென்ற இவ்விரு அணிகளில், 15 ஆட்டங்களையும் வென்ற எல்எஸ்யூவின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) பருவத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன். அலபாமாவிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த அந்த அணி, எதிரணியின் ஊரான டஸ்கலூசாவுக்கே சென்று 46-41 என வென்றது. அரையிறுதியில் ஓக்லஹோமாவை 63-28 என வீழ்த்தியபோது, பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜோ பரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன்களுக்குப் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் ஆறு புள்ளிகள்) பந்தை வீசியிருந்தார். பருவம் முழுவதும் அவர் வீசிய டச்டவுன்கள் 60; அது அன்றைய சாதனை.

அலபாமாவின் 13 வெற்றிகளும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பெருந்தொற்றால் சுருங்கிய அட்டவணையில், வழக்கமான பருவத்தின் 10 ஆட்டங்களையும் தன் வலிமைமிக்க எஸ்இசி (தென்கிழக்குக் கல்லூரி அணிகள்) கூட்டமைப்புக்குள்ளேயே ஆட வேண்டியிருந்தது. வீசப்படும் பந்தைப் பிடிக்கும் விரைவு ரிசீவர் ஜெய்லன் வாடில் அக்டோபரில் காயமுற்றபின், டெவான்டா ஸ்மித் பெருஞ்சுமையைத் தாங்கி, 1991க்குப் பிறகு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற முதல் ரிசீவரானார். இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 52-24 என வென்ற ஆட்டத்தில், அவருடைய மூன்று டச்டவுன்களும் முதல் பாதியிலேயே வந்தன.

ஆயினும், முந்தைய ஆண்டின் பட்ட அணியான கிளெம்சனை இறுதியில் 42-25 என வென்றதே எல்எஸ்யூவை என் கணிப்பில் முன்னிறுத்துகிறது.